கிழிபடாத கட்டம்

அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். லென்ஸைச் சாணையில் பிடித்து, பிரேமின் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்து உட்காரவைப்பது அவள் பொறுப்பு. ஒரு சுற்று கூடினால் லென்ஸ் ஆடும். ஒரு சுற்று குறைந்தால் பிரேம் விரிசல் விடும். பதினாறு வருடத்தில் தன் கையால் வீணான லென்ஸ்களை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். டப்பா பாதிகூட நிரம்பவில்லை.

முப்பத்தொன்பது வயதில் ஒருநாள் காலை எழுந்தபோது அவள் விரல்கள் மடங்கவில்லை. பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்று, "இங்க பாருடி, அணில் மாதிரி பல்லு விளக்குறேன்" என்றாள். நானும் சிரித்தேன். தூக்கத்தில் கை மரத்திருக்கும் என்று நினைத்தோம்.

அதற்கு ஒரு பெயர் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. நீளமான பெயர். டாக்டர் எங்களுக்காகச் சுருக்கிச் சொன்னார்: "உங்க உடம்புக்கு உங்க உடம்பையே அடையாளம் தெரியலை. வேத்தாள்னு நினைச்சு அடிக்குது." தீராது, அடக்கி வைக்கலாம் என்றார். வெயில் ஆகாது. களைப்பு வரும், அது தூங்கினால் போகிற களைப்பு இல்லை. சில நாள் மூளையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும்; தெரிந்த சொல் வராது.

கடைசியில் சொன்னதுதான் அக்காவுக்கு உறைத்தது. கை போனால் கடையில் வேறு வேலை கொடுப்பார்கள். கொடுக்கவும் செய்தார்கள், வாரத்தில் மூன்று அரைநாள், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டர் எழுதும் வேலை. சொல் போனால் என்ன செய்வது? அவள் கட்டக்காரி.

கட்டக்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் எட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சலவைக் கடையின் மாடியில் கூடிக் குறுக்கெழுத்துப் போடுவார்கள். பத்திரிகையில் வருகிற மாதிரி 'ஒரு நதி', 'ஒரு பழம்' என்று நேராகக் கேட்கிற வகை இல்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள். 'நான்கும் காலி, உட்காரலாம். நாலு எழுத்து' என்றால் நாற்காலி. நா, ற், கா, லி. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அந்தப் புள்ளியை எங்கே யார் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அக்காவுக்கு அங்கே புள்ளி என்று பெயர். ஒரு பல் செட் செய்பவர் இருந்தார். எழுதி எழுதி அழிப்பார், அவர் ரப்பர். பேனா டீச்சர் ஒருவர், பென்சிலைத் தொடமாட்டார். சலவைக் கடைக்காரரை எல்லாரும் கஞ்சி என்றார்கள். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

மாதம் ஒருவர் முறை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் விடை எழுதுவார்கள். அதன் பிறகுதான் விசேஷமே. கட்டம் போட்டவரை ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் 'கிழிப்பு' நடத்துவார்கள். இந்தக் குறிப்பு நொண்டி, இந்தச் சொல் அகராதியில் இல்லை, இங்கே எழுத்துப் பிழை, இதைப் போட்டதற்குப் பேசாமல் மாவாட்டப் போயிருக்கலாம் என்று பின்னி எடுப்பார்கள். அக்கா அந்த நாட்களில் முகம் சிவந்து வீட்டுக்கு வருவாள். "இன்னைக்கு என்னைத் துவைச்சுக் காயப் போட்டுட்டாங்கடி" என்பாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கிருந்தும் வந்து நான் பார்த்ததில்லை.

நோய் வந்து நாலு வருடம் அவள் போகவில்லை. முதல் வருடம் மாதாமாதம் கட்டத்தின் நகல் தபாலில் வந்தது. பிரிக்காமலே மெத்தைக்கு அடியில் வைத்தாள். பதில் போடவில்லை. பிறகு நகல் வருவது நின்றது. வந்ததைக் கவனிக்காதவள் நின்றதைக் கவனித்தாள். "மறந்துட்டாங்க போல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

அந்த நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரைச்சீலை மூடிய அறை. மேஜையில் மாத்திரைப் பெட்டி, காலை மதியம் இரவு என்று மூன்று வரிசை. நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் யாரோடும் பேசியிருக்கமாட்டாள். வருகிறவர்கள், "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். "ஆமா, போட்டோவுக்கு நல்லா இருப்பேன்" என்பாள். அவர்களும் மெல்ல வராமல் போனார்கள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், துணி மடிக்கத் தெரியும், ஊசிக்கு எந்த நாள் என்று தெரியும். அவளோடு உட்கார்ந்து சொற்களைத் திருப்பித் திருப்பி விளையாட எனக்குத் தெரியாது. முயன்று பார்த்தேன். என் விடைகளுக்கு அவள் பொறுமையாகச் சிரித்தாள்.

ஐந்தாம் வருடம் மருந்தை மாற்றினார்கள். கொஞ்சம் நிமிர்ந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில், பெஞ்சில் யாரோ பாதி எழுதிவிட்டுப் போன ஒரு குறுக்கெழுத்தை எடுத்து மீதியை முடித்தாள். எங்கள் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

"உள்ள இன்னும் ஆள் இருக்குடி."

"அது எனக்குத் தெரியும்க்கா."

"நீ சொன்னா ஆச்சா? நீ என் தங்கச்சி. நான் அ எழுதினாலே கை தட்டுவ. அவங்க சொல்லணும். இருக்கா போயிடுச்சான்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

அவள் திரும்பிப் போனது அதற்குத்தான். பொழுது போக்கவோ, ஆள் பார்க்கவோ இல்லை. தன் மண்டையில் எவ்வளவு மிச்சம் என்று பூசி மெழுகாமல் சொல்லக்கூடியவர்கள் அந்த ஏழு பேர்தான் என்று நம்பினாள்.

குடையும் பையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வருவதாக முன்பே போன் செய்திருந்ததால், படி ஏற வேண்டாம் என்று எங்களுக்காகக் கூட்டத்தைக் கீழே, கடைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் கம்பியில் பாலிதீன் உறை போட்ட கோட்டுகளும் புடவைகளும் தொங்கின. யாராவது நிமிர்ந்தால் ஒரு கால்சட்டை முகத்தில் இடித்தது.

"பெரிய புள்ளி வந்தாச்சு!" என்றார் கஞ்சி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவளுக்கு மட்டும் நாற்காலியில் மெத்தை போட்டிருந்தார்கள்.

"எதுக்குய்யா எல்லாரும் எந்திரிக்கிறீங்க? தேசிய கீதமா பாடப்போறீங்க?" என்றாள் அக்கா.

சிரித்தார்கள். ஆனால் அன்று ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பேனா டீச்சர் குறிப்புகளை அவளுக்காகச் சத்தமாக வாசித்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியும். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்த மாதம் கட்டம் போடும் முறை அவளுக்கு வந்தது. படுக்கையில் சாய்ந்தபடி இருபது நிமிடம் வேலை, ஒரு மணி நேரம் படுக்கை என்று பன்னிரண்டு நாளில் போட்டாள். கோடு போடுவதும் எழுதுவதும் நான். அவளால் ஸ்கேலை அழுத்திப் பிடிக்க முடியாது. கூட்டத்தன்று எல்லாரும் விடை எழுதி முடித்ததும், யாரும் கேட்காமலே போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அருமைங்க" என்றார் கஞ்சி.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் பேனா டீச்சர்.

அவள் ரப்பரைப் பார்த்தாள். ரப்பர் ஒருகாலத்தில் அவளுடைய கட்டம் ஒன்றைச் சுருட்டிக் காது குடைந்து காட்டியவர். "குறை ஒண்ணும் இல்லை" என்றார் இப்போது, மேஜையைப் பார்த்துக்கொண்டு. கை தட்டினார்கள். அடுத்த மாதமும் அவளே போடட்டும் என்றார்கள். முறைப்படி அது வேறொருவருடைய மாதம்.

பஸ்ஸில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "செத்தவங்களைப் பத்தித்தான் இப்படிப் பேசுவாங்க."

"நிஜமாவே நல்லா இருந்திருக்கலாம்ல?"

"மூணு குறிப்பு நொண்டி. எனக்கே தெரியும். நாலாவது இருந்தா அது எனக்குத் தெரியாது. அதுக்குத்தானே போனேன்?"

இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ஒரு பொறி வைக்கப்போவதாகச் சொன்னாள். ஒரு குறிப்பு: 'கன்னத்தில் விழும், உள்ளே படுத்தும் தூங்கலாம், இரண்டு எழுத்து.' விடை அறை. இதைக் குறுக்கே வெட்டும் குறிப்பு: 'தலை போன குதிரை மேடையை மறைக்கும், இரண்டு எழுத்து.' விடை திரை. இரண்டும் கடைசிக் கட்டத்தில் சந்திக்கும். திரைக்கு இடையின ரை வேண்டும், அறைக்கு வல்லின றை வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு எழுத்து உட்காராது. திரையை எழுதினால் அறை அரையாகிவிடும்.

"ஒண்ணாங்கிளாஸ் தப்பு. இதையும் முழுங்கிட்டு அருமைன்னு சொல்றாங்களா பாப்போம்."

"சொல்லிட்டா?"

"அப்புறம் நான் அங்க எதுக்குப் போறேன்?"

நான் கோடு போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். இடமிருந்து வலம் முடித்து, மேலிருந்து கீழ் வந்தோம். மேலிருந்து கீழ் பன்னிரண்டு: 'குளத்தை மடித்துக் கையில் வைத்தால் மூக்கைத் துடைக்கலாம்.' கை, குட்டை. சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். "நாலு எழுத்துன்னு போடு" என்றாள். நாலு கட்டம் விட்டேன்.

நகல் எடுக்கிற கடையில், மெஷின் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. கை, க், கு, ட், டை. விரல் விட்டு எண்ணினேன். ஐந்து. நடுவில் ஒரு க் விழுந்துவிட்டது. அதுவும் புள்ளி வைத்த எழுத்து.

இதுவும் பொறியோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. பொறி ஒன்றுதான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். இதைச் சொன்னால் அந்த மூலை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். ஐந்தாறு நாள் வேலை, கூட்டத்துக்கு ஒருநாள்தான் இருந்தது. நான் வீட்டுக்குப் போனபோது அவள் வாயைத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் சொல்லலாம் என்று வைத்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று, தலை வாரிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாகக் கேட்காத சத்தம். சொல்லவில்லை.

கோட்டுகளுக்குக் கீழே எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நான் கல்லா ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் ஒரே இடத்தில் நாலைந்து தடவை அழித்தார். பேனா டீச்சர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். நேரம் முடிந்ததும் அக்கா முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அருமைங்க" என்றார் கஞ்சி.

"குதிரை ரொம்ப அழகு" என்றார் பேனா டீச்சர்.

அக்கா தலையாட்டினாள். "ரப்பர், இடமிருந்து வலம் ஏழு என்ன எழுதியிருக்கீங்க?"

"அறை."

"எந்த றை?"

அவள் எழுந்து போய் அவர் தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அந்தக் கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அழித்து அழித்துத் தாள் தேய்ந்துபோயிருந்தது.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னா இதுக்கு என்னை இந்தக் கோட்டு பக்கத்துல தொங்கவிட்டிருப்பீங்க" என்றாள். "வேணும்னே வெச்ச தப்பு இது. ஏழு பேர் பாத்தீங்க. ஏழு பேரும் முழுங்கினீங்க. இது என்ன உங்களுக்கு, சீக்காளியைப் பாக்க வந்த வீடா? ஆரஞ்சுப் பழம் ஒண்ணுதான் குறைச்சல்."

கடையின் பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறியது.

ரப்பர் தொண்டையைச் செருமினார். "அப்ப மேலிருந்து கீழ் பன்னெண்டும் வேணும்னே வெச்சதா?"

"விடுங்க சார்" என்று பேனா டீச்சர் அவர் முழங்கையைத் தொட்டார்.

"அவங்கதானே கேக்குறாங்க?"

"பன்னெண்டுல என்ன?" என்றாள் அக்கா.

"எண்ணுங்க."

அவள் விரல்கள் மடங்காது. அதனால் மேஜைமேல் ஒவ்வொரு விரலாக அழுத்தி எண்ணினாள். கை. க். அங்கேயே நின்றுவிட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேஜையில் ஊன்றியபடி இருந்தன. நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு போய் முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"சரி. கிழிங்க."

ரப்பர்தான் ஆரம்பித்தார். "குளத்தை மடிக்கச் சொல்லிட்டு நீங்களே வழுக்கி விழுந்துட்டீங்க. புள்ளின்னு பேரை வெச்சுக்கிட்டுப் புள்ளியையே காணாக்கிட்டீங்களே, நியாயமா?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மூணாவது குறிப்பு சுத்த வளவளா" என்றார் பேனா டீச்சர், மெதுவாக. கஞ்சிக்கும் தெம்பு வந்தது. "போன மாசக் கட்டத்துலயும் ரெண்டு இருந்துச்சு, சொல்லவா?"

"சொல்லுங்க, வட்டியோட சொல்லுங்க" என்றாள்.

முக்கால் மணி நேரம் கிழித்தார்கள். அவள் வாதாடினாள், ஒத்துக்கொண்டாள், ரப்பரை ஒருமுறை "பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன், நீங்களே மறுபடி கட்டிக்குங்க" என்றாள். முகம் சிவந்திருந்தது. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினாலா என்று தெரியவில்லை.

பஸ் ஏறினோம். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"கோடு போட்டது நீ. நகல் எடுத்தது நீ. பன்னெண்டை நீ பாத்தியா?"

அவள் அன்றைக்கு வேண்டிய மட்டும் அடி வாங்கிவிட்டு வந்திருந்தாள். இன்னும் ஒன்று எதற்கு என்று தோன்றியது.

"இல்லக்கா. கவனிக்கலை."

திரும்பி என்னைப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கடிதங்களில் ஒரு கமா தவறினால்கூட வீட்டுக்கு வந்து புலம்புகிறவள் நான். அது அவளுக்குத் தெரியும்.

"சரி" என்றாள்.

அதன் பிறகு மூன்று வருடம் இருந்தாள். முடியாத மாதம் தவிர எல்லா மாதமும் போனாள். அவள் முறை வரும்போது கட்டத்தை அவளே போட்டாள். ஸ்கேலின் ஒரு முனையை முழங்கையால் அமுக்கிக்கொண்டு கோடு போடுவாள்; கோடுகள் கோணலாகப் போகும். நான் அறைக்குள் வந்தால் தாளைக் கவிழ்த்து வைப்பாள். கோபமாக இல்லை; கதவைச் சாத்துகிற மாதிரி, சாதாரணமாக. நகலும் அவளே போய் எடுத்தாள், குடை பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து. என்னோடு சாப்பாடு, மருந்து, தண்ணீர் வராத நாள், எதிர்வீட்டு நாய் எல்லாம் பேசினாள். "இன்னைக்கு முகம் தெளிவா இருக்குக்கா" என்று நான் சொன்னால், "அப்படியா?" என்றுவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் பார்ப்பாள்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நான் முகம் கழுவிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். ரப்பர் வந்து உட்கார்ந்திருந்தார், அந்த மாதக் கட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று அக்கா கேட்டாள்.

"மருந்து மாத்தறாங்களாம். பாக்கலாம்னார்."

அவள் தலையாட்டினாள். "கீழ போய்ச் சூடா ஒரு டீ வாங்கிட்டு வாயேன்" என்றாள். அவள் டீ குடிக்கக் கூடாது. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போகவில்லை. கதவு முழுதாகப் பொருந்தவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"ரப்பர், நீங்க போய் அந்த டாக்டரைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. இவ சொல்லமாட்டா."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். டாக்டர் அறைப் பக்கம் நடந்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, என்னைக் கடந்து உள்ளே போனார். இந்த முறை அவர் கதவை அழுத்திச் சாத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

நான் கீழே போய் டீ வாங்கினேன். ஒன்றுதான் கேட்டிருந்தாள், ஒன்றே வாங்கினேன். படியில் நின்று நானே குடித்தேன்.